அடுக்கில் ஒளிந்த எண்

2^ந = 32. ந எவ்வளவு?

(இந்த அத்தியாயம் முழுக்க ^ குறிக்கு வலப்பக்கம் நிற்பது அடுக்கு. ந, ம என்ற எழுத்துகள் தெரியாத எண்கள்.)

பதினாறு என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 32-ஐ 2-ஆல் வகுத்துவிட்டார்கள். அவர்களைக் குட்டுவதற்கு முன் அவர்கள் வந்த வழியைப் பார்க்க வேண்டும். அதுவரை அவர்கள் போட்ட சமன்பாடுகளில் தெரியாத எண் தரையில்தான் நின்றுகொண்டிருந்தது. அதோடு 7 கூட்டியிருந்தால் 7-ஐக் கழித்து விடுவித்தார்கள். 2-ஆல் பெருக்கியிருந்தால் 2-ஆல் வகுத்தார்கள். வர்க்கமாக்கியிருந்தால் வர்க்கமூலம் எடுத்தார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவிழ்க்கும் செயல் ஒன்று கையில் இருந்தது. இப்போது அந்த எண் தலைக்கு மேல் ஏறி, சிறிய எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவிழ்க்கும் செயல் எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த ஒன்றை எடுத்து வீசுகிறார்கள், அவ்வளவுதான்.

பள்ளி சொல்லித் தரும் வழி வேறு. 32 என்பது 2⁵. ஆகவே 2^ந = 2⁵. அடிமானங்கள் சமம், எனவே அடுக்குகளும் சமம்; ந = 5. கணக்கு முடிந்தது, முழு மதிப்பெண்.

அந்த நடு வரியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அடிமானங்கள் சமமானால் அடுக்குகள் ஏன் சமமாக வேண்டும்? மனப்பாடமாக எழுதப்படும் வரிகளில் இது முதலிடத்துக்குப் போட்டியிடும். இது எப்போதும் உண்மையும் இல்லை. 1⁵ = 1⁹; இரண்டு பக்கமும் அடிமானம் 1, ஆனால் 5-ம் 9-ம் சமமா? (−1)² = (−1)⁴; இங்கேயும் அதே கதை. ஆக, அந்த வரி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

2-இன் படிகளை எழுதிப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32. ஒவ்வோர் அடியிலும் எண் பெருகுகிறது. எங்கும் நிற்பதில்லை, எங்கும் திரும்பி வருவதில்லை. ஒரே திசையில் நடப்பவர் ஒரு மைல்கல்லை இரண்டு முறை கடக்க முடியாது. 32 என்ற கல்லை 2-இன் பயணம் ஒரே ஒருமுறைதான் தாண்டுகிறது, அதுவும் ஐந்தாவது அடியில். அரையை எடுத்துக்கொண்டாலும் இதே நியாயம்தான்: 1/2, 1/4, 1/8 என்று விடாமல் இறங்கிக்கொண்டே போகும். 1-இன் படிகளோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. −1 முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. அதனால்தான் பாடநூல் ‘அடிமானம் 1 அல்லாத மிகை எண்’ என்று ஒரு நிபந்தனையை ஓரமாக எழுதி வைக்கிறது. எவரும் கவனிக்காத அந்த ஓரக்குறிப்பில்தான் முறையின் உயிரே இருக்கிறது.

நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்று காட்டக் கணித ஆசிரியர்களிடையே உலவும் ஒரு புதிர் உண்டு:

(ந² − 5ந + 5)^(ந² − 11ந + 30) = 1

அடுக்கு பூச்சியமானால் விடை 1 என்பது எல்லோருக்கும் தெரியும். அடுக்கு பூச்சியமாவது ந = 5, ந = 6 ஆகும்போது. பெரும்பாலோர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். அடிமானமே 1 ஆனாலும் விடை 1-தானே? அப்போது ந = 1, ந = 4 கிடைக்கின்றன. அடிமானம் −1 ஆகி அடுக்கு இரட்டைப்படையாக இருந்தாலும் 1 வரும்; ந = 2, ந = 3 ஆகிய இரண்டிலும் அப்படியே நடக்கிறது. 1 முதல் 6 வரை ஆறு எண்களும் விடைகள். பாதையில் திரும்பி வருவதற்கு இடம் கொடுத்தால் ஒரே கல்லை ஆறு தடவையும் கடக்கலாம்.

பாடநூல் கணக்குகள் பலவும் இந்த ஒரே உத்தியின் வேஷங்கள். 8^(ந+1) = 4^(2ந−1) என்றால் இரண்டையும் 2-க்குக் கொண்டுவர வேண்டும்: 3ந + 3 = 4ந − 2, ஆகவே ந = 5. 25^ந = 1/125 என்றால் 5-க்குக் கொண்டுவர வேண்டும்: 2ந = −3. கொஞ்சம் கடினமாக்க விரும்பும் ஆசிரியர் 4^ந − 10 × 2^ந + 16 = 0 என்று கொடுப்பார். 4^ந என்பது 2^ந-இன் வர்க்கம் என்று கண்டுகொண்டால் அது சாதாரண இருபடிச் சமன்பாடு; 2^ந என்பது 2 அல்லது 8, ஆகவே ந என்பது 1 அல்லது 3. இவற்றில் நூறு போட்டாலும் புதிதாக ஒன்றும் நடக்காது. கணக்கை அமைத்தவர் 8, 4, 125 என்று ஏற்கெனவே ஒத்துப்போகும் எண்களைப் பொறுக்கி வைத்திருக்கிறார். நாம் அவர் ஒளித்ததை எடுத்துத் தருகிறோம்.

அவர் பொறுக்காத எண் ஒன்றைக் கேட்டால்? 2^ந = 10.

2³ = 8, 2⁴ = 16. விடை 3-க்கும் 4-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். அது ஏதாவது பின்னமாக இருக்குமா? இருக்கும் என்று வைத்துக்கொண்டு, ந = 10/3 என்று சோதிப்போம். அப்படியானால் 2¹⁰ = 10³ ஆக வேண்டும்; 1024, 1000. கிட்டே வந்து நழுவுகிறது. வேறு பின்னம் தேடலாம். எந்தப் பின்னத்தை எடுத்தாலும் 2-இன் ஏதோவொரு படி 10-இன் ஏதோவொரு படிக்குச் சமம் என்று முடியும். 10-இன் படிகள் எல்லாம் 5-ஆல் வகுபடும். 2-இன் படி எதுவும் 5-ஆல் வகுபடாது. ஆகவே எந்தப் பின்னமும் உதவாது. இரண்டே வரியில், எண்ணற்ற பின்னங்கள் அனைத்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். கணிதத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பெரிய முடிவுகள் அதிகம் இல்லை. விடை இருக்கிறது, அது விகிதமுறா எண்.

விடை முழு எண்ணாக அமையாத இந்த வகைக் கணக்கு மிகப் பழையது. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏஓ 6770 என்ற எண்ணிட்ட களிமண் பலகை ஒன்று இருக்கிறது. கி.மு. 2000-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட பழைய பாபிலோனியக் காலத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள கேள்வியை இன்றைய மொழியில் சொன்னால் இப்படி: ஆண்டுக்கு 20 விழுக்காடு வட்டி, வட்டிக்கு வட்டி, போட்ட முதல் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? நம் எழுத்தில் 1.2^ந = 2.

மூன்றாம் ஆண்டு முடிவில் 1.728; நான்காம் ஆண்டு முடிவில் 2.0736. பலகையை எழுதியவர் அந்த ஓராண்டுக்குள் பணம் சீராக வளர்வதாக எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டிலிருந்து இரண்டரை மாதத்துக்குச் சற்று அதிகமாகக் கழிக்கிறார். அறுபதின் அடிப்படையில் அவர் எழுதிய எண்ணை மாற்றினால் 3.787 ஆண்டு. உண்மையான விடை 3.802. வித்தியாசம் ஐந்தாறு நாள்தான். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது பெரிய வழக்காகியிருக்காது. கருவி இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் வேலி கட்டி, நடுவில் நேர்க்கோடு இழுத்துப் பிடிப்பது இன்றும் கணினிகள் செய்கிற வேலைதான். அவை அதைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன, பாபிலோனியர் ஒருமுறை செய்தார்.

இந்தியப் பக்கம் இதே கேள்வி வேறு காரணத்துக்காக எழுந்தது. உலகங்கள், உயிர்கள், காலம் எல்லாவற்றுக்கும் மாபெரும் எண்களைக் கற்பனை செய்த சமண அறிஞர்களுக்கு அந்த எண்களைக் கையாள ஒரு வழி வேண்டியிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் தம் ‘தவளா’ உரையில் ‘அர்த்தச்சேதம்’ என்ற அளவைப் பயன்படுத்துகிறார்: ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற எண்ணிக்கை அது. 32-க்கு அர்த்தச்சேதம் 5. நாம் தொடங்கிய கணக்கின் விடையேதான். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். மூன்றாகப் பிரிப்பதற்கும் நான்காகப் பிரிப்பதற்கும் தனித்தனி அளவுகள் வைத்திருந்தார்.

ஐரோப்பாவில் 1544-ல் மிக்கேல் ஸ்டீஃபல் என்ற ஜெர்மானியர் இரண்டு வரிசைகளை மேலும் கீழுமாக எழுதினார். மேலே 0, 1, 2, 3, 4, 5. கீழே 1, 2, 4, 8, 16, 32. கீழ் வரிசையில் பெருக்கினால் மேல் வரிசையில் கூட்டல் நடக்கிறது. கீழே வகுத்தால் மேலே கழித்தல். இதைப் பார்த்ததும் யாருக்கும் ஓர் ஆசை வரும்: எல்லா எண்களையும் கீழ் வரிசைக்குள் கொண்டுவந்துவிட்டால் பெருக்கல் என்ற சள்ளையே இருக்காதே! சிக்கல், 4-க்கும் 8-க்கும் நடுவில் 5, 6, 7-க்கு இடமில்லை என்பதுதான். அந்த இடைவெளிகளை நிரப்பும் வேலையில் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் செலவிட்டு 1614-ல் மடக்கை (லாக்) அட்டவணையை வெளியிட்டார். மறு ஆண்டே லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடி எடின்பரோ போனார். பத்தை அடிமானமாக வைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். 1617-ல் நேப்பியர் இறந்துவிட, அட்டவணையைப் போடும் பாரம் பிரிக்ஸின் தலையில் விழுந்தது. அவர் 10-க்கு வர்க்கமூலம் எடுத்தார், அதற்கு வர்க்கமூலம் எடுத்தார், இப்படி 54 தடவை. எல்லாம் கையால். 1624-ல் வந்த அவருடைய நூலில் முப்பதாயிரம் எண்களின் மடக்கைகள் பதினான்கு தசம இடங்கள்வரை இருக்கின்றன.

வரலாற்றின் வரிசை பள்ளியின் வரிசைக்கு நேர் எதிர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் முதலில் அடுக்கு படிக்கிறோம், பிறகு மடக்கை. நேப்பியர் அட்டவணை போட்டபோது, எண்ணின் தலைக்கு மேல் சிறியதாக அடுக்கை எழுதும் இன்றைய முறை பரவியிருக்கவே இல்லை. அதைப் பரப்பிய தெக்கார்த்தின் வடிவியல் நூல் வந்தது 1637-ல். மடக்கை என்பது ஓர் அடுக்குதான் என்று தெளிவாக வரையறுத்து, பாடநூல்களுக்குப் பாதை போட்டவர் ஆய்லர், 1748-ல். நூற்று முப்பது ஆண்டுகள் உலகம் மடக்கையை வைத்துக் கணக்குப் போட்டது. அது அடுக்கின் மறுபெயர் என்பது பின்னால்தான் எல்லோருக்கும் தெளிந்தது.

பிரிக்ஸின் உழைப்பை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஒரு தாளும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் பத்து நிமிடத்தில் நமக்கென ஒரு சின்ன மடக்கை அட்டவணை போட்டுவிடலாம். மேலே நழுவிப்போன அந்த 1024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2¹⁰ ஏறத்தாழ 10³. ஆகவே 2 என்பது ஏறத்தாழ 10-இன் அடுக்கு 0.3. அட்டவணையின் முதல் வரி கிடைத்துவிட்டது. 4-க்கு 0.6, 8-க்கு 0.9, இவை இலவசம். 5 என்பது 10-ஐ 2-ஆல் வகுத்தது, ஆகவே 1-இலிருந்து 0.3 போக 0.7. அடுத்து 3. மூன்றின் நான்காம் படி 81. பக்கத்தில் 80 இருக்கிறது. 80 என்பது 8 × 10, அதாவது 10-இன் அடுக்கு 1.9. நான்கில் ஒரு பங்கு 0.475. எனவே 3-க்கு 0.475, 6-க்கு 0.775, 9-க்கு 0.95. பாக்கி 7. ஏழேழு நாற்பத்தொன்பது, ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதுக்கு 1.7, அதில் பாதி 0.85.

அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால்: 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771, 7-க்கு 0.8451. நம்முடையது மூன்றாவது தசம இடத்தில்தான் தடுமாறுகிறது. பிளஸ் டூ மாணவர்கள் செய்முறைத் தேர்வில் பெருக்கவும் வகுக்கவும் புரட்டுகிற லாக் டேபிள் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதற்கு இந்தப் பத்து நிமிடம் போதும். பள்ளிகளில் இதை ஏன் செய்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மதிப்பெண் வராது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

இப்போது 2^ந = 7 என்று யாராவது கேட்கட்டும். 2-க்கும் 7-க்கும் பொதுவான அடிமானம் இல்லை என்றுதானே தயங்கினோம்? இருக்கிறது. 2 என்பது 10-இன் அடுக்கு 0.3010. 7 என்பது 10-இன் அடுக்கு 0.8451. இடப்பக்கம் 10^(0.3010 ந), வலப்பக்கம் 10^0.8451. அடிமானங்கள் சமம், எனவே அடுக்குகள் சமம். 0.8451-ஐ 0.3010-ஆல் வகுத்தால் 2.807. தொடக்கத்தில் மனப்பாட வரி என்று நாம் கேலி செய்த அதே வரிதான். மடக்கை என்று தனி அத்தியாயம் போட்டு, தனிச் சூத்திரங்களோடு மாணவரைப் பயமுறுத்துகிற விஷயம் இவ்வளவே: ஒத்துப்போகாத எண்களையும் பத்து என்ற ஒரே அடிமானத்துக்கு இழுத்து வரும் வேலை. கணக்கை அமைத்தவர் நமக்காகப் பொறுக்கி வைக்காதபோது, அட்டவணை பொறுக்கித் தருகிறது.

1748-ஆம் ஆண்டு நூலில் ஆய்லர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று வீட்டுக்கடன் வாங்கிய யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஒருவர் 4,00,000 ஃபுளோரின் கடன் வாங்குகிறார், ஆண்டு வட்டி 5 விழுக்காடு. ஆண்டுதோறும் 25,000 திருப்பிக் கட்டுகிறார். கடன் எப்போது தீரும்? வட்டியை மறந்தால் பதினாறு ஆண்டு. வட்டியைச் சேர்த்தால் முதல் ஆண்டின் வட்டி மட்டுமே 20,000. கட்டியதில் அசலுக்குப் போவது 5,000.

இதைச் சூத்திரத்தில் போட்டுத் திணறுவதைவிட இப்படி யோசிக்கலாம். கடன் 5,00,000 ஆக இருந்திருந்தால் ஆண்டு வட்டி சரியாக 25,000. கட்டுவதெல்லாம் வட்டிக்கே போய், கடன் காலத்துக்கும் அப்படியே நிற்கும். நம் ஆளின் கடன் அந்தத் தேங்கிய நிலையைவிட 1,00,000 குறைவு. அந்த வித்தியாசம்தான் அவருக்குச் சாதகமான தொகை. அது ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்கிறது. அது 5,00,000 ஆகும் நாளில் கடன் பூச்சியம். அதாவது ஒன்று ஐந்தாக வேண்டும்: 1.05^ந = 5. மடக்கை அட்டவணையில் 5-க்கு 0.69897, 1.05-க்கு 0.02119. வகுத்தால் கிட்டத்தட்ட 33 ஆண்டு. கட்டிய மொத்தம் எட்டு லட்சத்துக்கு மேல். மாதத் தவணையைக் கொஞ்சம் கூட்டிக் கட்டினால் ஆண்டுகள் கொத்தாகக் குறைவதற்கும் இதே சமன்பாடுதான் காரணம். ஆண்டுக்கு 30,000 கட்டியிருந்தால் 1.05^ந = 3 ஆகி, இருபத்திரண்டரை ஆண்டில் முடிந்திருக்கும்.

இறங்கும் அடுக்குகளும் உண்டு. உயிர் போன மரத்தில் இருக்கும் கதிரியக்கக் கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டிலும் பாதியாகிறது. மீந்திருப்பது எவ்வளவு என்று அளந்துவிட்டால், தெரியாமல் அடுக்கில் நிற்பது காலம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த அளவு பழைமையான பொருளில் கார்பன்-14 ஏறத்தாழ 73 விழுக்காடு மிஞ்சியிருக்கும்: (1/2)^(ந/5730) = 0.73 என்று போட்டால் ந சுமார் 2,600. ஆய்வகங்கள் இதோடு நிறுத்துவதில்லை. காற்றில் கார்பன்-14-இன் அளவு காலந்தோறும் ஏறி இறங்கியதால், மர வளையங்களை வைத்துத் திருத்தம் செய்கிறார்கள். ஆனால் கணக்கின் முதுகெலும்பு இந்தச் சமன்பாடே.

இதுவரை நன்றாகத்தான் போனது. ஏன் என்று கவனித்தீர்களா? அடுக்கு விதிகள் எல்லாம் பெருக்கலையும் வகுத்தலையும் பற்றியவை. 2^ந × 2^ம = 2^(ந+ம). கூட்டலுக்கு ஒரு விதியும் கிடையாது. 2^ந + 3^ந = 20 என்று எழுதிவிட்டால் மடக்கை கையை விரித்துவிடும்; இடப்பக்கத்துக்கு மடக்கை எடுக்கலாம், ஆனால் கூட்டலைத் தாண்டி உள்ளே போக முடியாது. மாணவர்கள் அங்கே இல்லாத விதியைத் தாமே உண்டாக்கி, 5^ந = 20 என்று எழுதுவார்கள். பாபிலோனியர் வழியே கதி: ந = 2 எனில் 13, ந = 3 எனில் 35; வேலியை நெருக்கிக்கொண்டே போனால் 2.439 அருகில் நிற்கும்.

சில கூட்டல்கள் மட்டும் தப்பித்துக்கொள்கின்றன. 3^ந + 4^ந = 5^ந. ந = 2 ஒரு விடை என்பது பித்தகோரஸ் தேற்றம் படித்த எவருக்கும் தெரியும். வேறு விடை உண்டா? முழுவதையும் 5^ந-ஆல் வகுங்கள்: (3/5)^ந + (4/5)^ந = 1. ந கூடக் கூட இரண்டு உறுப்புகளும் இறங்குகின்றன. கூட்டுத்தொகையும் இறங்கிக்கொண்டே போகிறது. 1 என்ற மதிப்பை அது ஒருமுறைதான் தொடும். ஆகவே 2 மட்டுமே விடை. ஒரே திசைப் பயணம் இங்கேயும் காப்பாற்றியது.

தெரியாத அடுக்குகள் இரண்டு ஆகி, இரண்டும் முழு எண்களாக இருக்க வேண்டும் என்று சொன்னால், பள்ளிக் கணக்கு சத்தமில்லாமல் ஆராய்ச்சிக்குள் நுழைந்துவிடுகிறது. 8-ம் 9-ம் பக்கத்து எண்கள். ஒன்று 2-இன் படி, மற்றது 3-இன் படி. இப்படி வேறு ஜோடி உண்டா? பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசை அறிஞர் ஃபிலிப் த வித்ரிக்கு இசை விகிதங்களை ஆராயும்போது இந்தக் கேள்வி வந்தது. யூத அறிஞர் லேவி பென் கெர்ஷோன் 1343-ல் பதில் எழுதினார்: 1-2, 2-3, 3-4, 8-9, அவ்வளவுதான். இதைப் பத்தாம் வகுப்பு அறிவைக் கொண்டே நிறுவலாம். 3-இன் படிகளை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 3 மட்டுமே வரும். 2-இன் படி ஒன்று கூடுதலாக இருந்தால் அது 8-ஆல் வகுக்கையில் 2 அல்லது 4 மீதி தர வேண்டும். அப்படிப்பட்ட 2-இன் படிகள் 2-ம் 4-ம் மட்டும். 3-இன் படி கூடுதலாக இருந்தால், அதன் அடுக்கு ஒற்றைப்படையாகும்போது 2-3 ஜோடி தவிர எதுவும் கிடைக்காது. இரட்டைப்படையாகும்போது 3^(2ம) − 1 என்பதை (3^ம − 1)(3^ம + 1) என்று பிரிக்கலாம். இரண்டு காரணிகளும் 2-இன் படிகள், வித்தியாசம் 2. 2-ம் 4-ம் தவிர அப்படி ஜோடி ஏது? ஆக 9.

அடிமானங்களையும் விட்டுவிட்டு, எந்த எண்ணின் இரண்டாம் படியோ அதற்கு மேற்பட்ட எந்தப் படியோ ஆனாலும் சரி, 8-ம் 9-ம் போல வேறு ஜோடி உண்டா என்று 1844-ல் கேட்டவர் கத்தலான். இல்லை என்று மிஹைலெஸ்கு நிறுவியது 2002-ல்.

1913-ல் இராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு வினா வைத்தார். 2^ந − 7 ஒரு முழு வர்க்கமாக அமைவது ந = 3, 4, 5, 7, 15 ஆகியவற்றில்; வேறு உண்டா? கடைசியை நீங்களே சரிபார்க்கலாம்: 2¹⁵ = 32,768; ஏழு போனால் 32,761; அது 181-இன் வர்க்கம். 15-க்கு அப்பால் ஒன்றும் இல்லை என்பதை நார்வே நாட்டின் நாகெல் 1948-ல் நிறுவினார். அன்று கடிதங்கள் வழியாகத் தன்னை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த இராமானுஜனின் பெயரும் நாகெலின் பெயரும் இப்போது அந்தச் சமன்பாட்டில் சேர்ந்தே நிற்கின்றன.

இராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். இந்தத் துறையில் அவரைவிட ஆழமாக இறங்கிய இன்னொரு தமிழரைப் பலருக்குத் தெரியாது. குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-ல் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை, எஸ். எஸ். பிள்ளை, 1930-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 3^ந − 2^ம (ந, ம மிகை முழு எண்கள்) போன்ற வித்தியாசங்களை ஆராய்ந்தார். ஒரே வித்தியாசம் இருமுறை வருமா? வருகிறது. 3 − 2 = 1, 9 − 8 = 1. அடுத்தது 3 − 8 = −5, 27 − 32 = −5. பிறகு 3 − 16 = −13, 243 − 256 = −13. இந்த மூன்றோடு சரி, இதற்குமேல் எந்த வித்தியாசமும் இரண்டாம் முறை வராது என்று பிள்ளை கணித்தார். ஸ்ட்ரோக்கரும் டைடமனும் 1982-ல் அதை மெய்ப்பித்தபோது அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்துக்கும் ஹார்வர்டில் நடக்கவிருந்த பன்னாட்டுக் கணித மாநாட்டுக்கும் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார்.

அவருடைய பெரிய கணிப்பு இன்னும் நிறுவப்படாமல் இருக்கிறது. 4, 8, 9, 16, 25, 27, 32 என்று முழுப் படிகளை எல்லாம் ஒரே வரிசையில் எழுதினால், எந்தக் குறிப்பிட்ட வித்தியாசமும் அதில் எண்ணிக்கைக்கு உட்பட்ட தடவைகளே தோன்றும் என்பது அது. வித்தியாசம் 1-க்கு மிஹைலெஸ்குவின் தேற்றம் இருக்கிறது. 2 வேண்டுமானால் 27 − 25. 3 வேண்டுமானால் 128 − 125. 4-க்கு 36 − 32. 5-க்கு 32 − 27. இவை மொத்தம் எத்தனை முறை வரும் என்பதற்கு நிறுவல் இல்லை. வித்தியாசம் 6 தரும் ஜோடி ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படி ஒன்று இல்லை என்று நிறுவியவரும் இல்லை.